சரிபார்த்தவர்

என் கணவர் எங்கள் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த சாஃப்ட்வேருக்குப் பட்டறை ஆட்கள் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. என் வழியாக வந்தது என்பதால் அந்தப் பெயர். காலையில் கம்ப்யூட்டர் திறக்கத் தாமதமானால், "மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கல" என்பார்கள். நடுவில் நின்றுபோனால், "மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டார், யாராவது போய் சமாதானம் பண்ணுங்க" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நாங்கள் செய்வது இரும்புப் படிக்கட்டுகள். வீட்டு மாடிப்படி இல்லை. கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் மேல்தளத்துக்கு ஏறுகிற படிகள், அதோடு சேர்ந்த மேடை, கைப்பிடிக் கம்பி. ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்று அளவெடுத்துச் செய்வது. மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் ஒரு படிக்கட்டுக்கு டிராயிங் போடவே நாள் கணக்கில் ஆகும். போட்டு முடித்ததும் என் மேசைக்கு வரும். நான் செக்கர். தாளில் இருக்கும் அளவுகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். சரியென்றால் அதன்மேல் மஞ்சள் பேனா, தப்பென்றால் சிவப்பு. தாள் முழுக்க மஞ்சளாகிற வரை விடமாட்டேன். அதற்கப்புறம்தான் வலது மூலையில் 'சரிபார்த்தவர்' என்கிற கட்டத்தில் கையெழுத்து. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பட்டறையில் ஒரு துண்டுத் தகட்டைக்கூட வெட்டமாட்டார்கள்.

என்னைப் பிடிக்காதவர்கள் என்னை 'மஞ்சள் காமாலை' என்றார்கள். பிடித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் கையெழுத்துப் போட்ட படியில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்று பட்டறை மேஸ்திரி சொல்வார். அந்தப் பேச்சு எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

முதலாளிக்கும் ஒரு பெயர் உண்டு: உடனடியார். எதைக் கேட்டாலும் உடனடியாக வேண்டும். காபி ஆறும்வரைகூடப் பொறுக்கமாட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு, சுட்டதற்கும் யாரையாவது திட்டுவார். டிராயிங் தாமதத்தைப் பற்றி அவர் புலம்பிய ஒரு நாளில் நான்தான் வாயைத் திறந்து, என் வீட்டுக்காரர் இதற்கென்றே சாஃப்ட்வேர் எழுதுகிறவர் என்று சொன்னேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி.

என் கணவர் ஒரு டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாசம் அடிக்கிற ஒற்றை அறையில் கம்பெனி வைத்திருந்தார். அவரும் இரண்டு ஆட்களும். கடையில் கிடைக்கிற டிசைன் சாஃப்ட்வேர் ரெடிமேட் சட்டை, எல்லோருக்கும் எங்கேயாவது பிடிக்கும். நான் டெய்லர், உடம்பைப் பார்த்துத் தைப்பவன் என்பார். தொட்டி செய்கிறவருக்குத் தொட்டி, குழாய் வளைக்கிறவருக்குக் குழாய். உயரம், நீளம், அகலம், எடை என்று நாலு எண்ணைக் கொடுத்தால் முழு டிராயிங்கும் தானாக வந்து விழ வேண்டும். அதற்கு அந்தத் தொழிலில் இருப்பவர்களின் மண்டைக்குள் இருக்கிற விதிகளையெல்லாம் பிடுங்கி எழுத வேண்டும். எங்கள் கம்பெனி விஷயத்தில் அந்த மண்டை வீட்டிலேயே இருந்தது.

சாப்பாட்டு மேசையில்தான் அந்த வேலை நடந்தது. அவர் லேப்டாப்போடு உட்காருவார், நான் சொல்லிக்கொண்டே போவேன்.

"எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு கேக்கணும். பூச்சு போட்ட தரையா, வெறும் தரையா?"

"அளவு குடுக்கறவங்களுக்கு அது தெரியாதா?"

"அவங்க டேப்பைப் பிடிப்பாங்க, எழுதிக்குவாங்க, போயிடுவாங்க. அன்னிக்கு இருக்கிற வெறும் தரையிலேர்ந்து எடுத்த அளவு. பின்னாடி அதுமேல நாலு விரல் கனத்துக்குப் பூச்சு போடுவாங்க. நம்ம கடைசிப் படியோட அடிப்பக்கம் அதுக்குள்ள போயிடும்."

"போனா?"

"மத்த படியெல்லாம் ஒரே உயரம், கடைசிப் படி மட்டும் குள்ளம். இறங்கறவங்க கால் கண்ணைக் கேட்டா இறங்குது? பழக்கத்துல இறங்குது. தரை முன்னாடியே வந்துடும்."

அவர் சிரித்தார். "தரை முன்னாடியே வந்துடும்" என்று திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதையே முதல் கேள்வியாக வைத்தார். அதற்குப் பதில் கொடுக்காமல் மாப்பிள்ளை ஒரு கோடுகூடப் போடமாட்டார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மாப்பிள்ளை வேலைக்கு வந்து சேர்ந்தார். நாள் கணக்கில் ஆன டிராயிங் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் வந்தது. வந்த டிராயிங் என் பார்வைக்கு வந்து நிற்கும், நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பட்டறைக்குப் போகும் என்று ஏற்பாடு. முதலாளி என் கணவரைத் தோளில் தட்டி, மற்ற கம்பெனிக்காரர்களிடமெல்லாம் சிபாரிசு செய்தார். வீட்டுக்குப் புதிய சோபா வந்தது.

அப்புறம் என் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன். நான் நீண்ட லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் அவர் கூடவே இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அவரைப் பிடித்து நடக்க வைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்து, அவர் தானாகவே பாத்ரூம் போகிற வரை பார்த்துக்கொண்டேன். என் கணவர் சாயங்காலங்களில் வந்து அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்.

திரும்ப வேலைக்குப் போனபோது என் மேசையில் டிராயிங் குறைவாக இருந்தது. முதலாளியைக் கேட்டேன்.

"சாதாரணப் படியெல்லாம் நேரா பட்டறைக்குப் போயிடுதும்மா. சிக்கலானது மட்டும் உங்ககிட்ட வரும். உங்களைப் போட்டு எதுக்கு வதைக்கணும்?"

"அதை யார் பாக்கறது?"

"சிஸ்டம் இருக்கே" என்றார். யாரோ ஒருவரைப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேலை குறைந்தால் யார்தான் துருவிக் கேட்பார்கள். நான் கேட்கவில்லை.

ஒரு நாள் மேஸ்திரி என் மேசைக்கு வந்து நின்றார். கையில் தொப்பி. நாங்கள் படி போட்டுக்கொடுத்த ஒரு கிடங்கில், பெட்டி அடுக்குகிற ஒரு பெண் கடைசிப் படியில் விழுந்துவிட்டாளாம். கையில் பெட்டி இருந்ததால் கீழே பார்க்க முடியவில்லை. இடுப்பெலும்பு.

"உங்க கையெழுத்து இருக்குக்கா. அதான் நம்ப முடியல" என்றார்.

டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். ஆனால் அந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை. மனிதர்களின் பெயரை மறப்பேன், பார்த்த டிராயிங்கை மறக்கமாட்டேன். டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கிடங்குக்குப் போனேன். படிக்கட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மேலேயிருந்து ஒவ்வொரு படியாக அளந்துகொண்டு வந்தேன். எல்லாம் ஒரே உயரம். கடைசிப் படி நாலு விரல் குறைவு. தரையில் பூச்சு பளபளவென்று புதிதாக இருந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீஸுக்குத் திரும்பி, நான் லீவில் இருந்தபோது போன டிராயிங்குகளைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. எல்லாவற்றிலும் கடைசிச் சுழியில் பேனா ஒரே இடத்தில் விக்கியிருந்தது. இரண்டு தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு கையெழுத்தும் ஒன்றாகவே தெரிந்தன. மயிரிழை விலகல்கூட இல்லை.

வீட்டில் அவர் மறைக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நீ அம்மாகூட ஆஸ்பத்திரியில இருந்தே. படமெல்லாம் உன்கிட்ட வந்து நிக்குது, பட்டறை சும்மா கிடக்குது, உடனே ஏதாவது பண்ணுங்கன்னு உங்க முதலாளி போன் மேல போன். பண்ணினேன்."

"என் கையெழுத்தை எடுத்து ஒட்டறதுதான் ஏதாவதா?"

"பழைய டிராயிங்லேர்ந்து எடுத்தேன். மஞ்சள் கறையெல்லாம் நீக்கி சுத்தமா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தரைக் கேள்வி என்ன ஆச்சு?"

"சேல்ஸ் ஆளுங்க அதைப் பார்த்தாலே கஸ்டமர் முன்னாடி முழிக்கறாங்களாம். எடுத்துட்டேன். பூச்சு போட்ட தரைன்னே அது எடுத்துக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"சொன்னா நீ ஒத்துக்கமாட்டே."

"அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க."

அடுத்த அறையில் மாமியாரின் கைத்தடிச் சத்தம் கேட்டு நின்றது. என் கணவர் குரலைத் தாழ்த்தினார். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் விசாரிக்க வருகிறாராம். நான் 'ஆமாம், கவனிக்காமல் விட்டுவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். ஓர் எச்சரிக்கையோடு போய்விடும், வேலைக்கு ஆபத்தில்லை என்று முதலாளியே வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"நீ தாங்கிப்பே. நான் மாட்டினா ஒரு கம்பெனிக்காரனும் என்னை வாசல்ல சேர்க்கமாட்டான். நான் சம்பளம் குடுக்கிற ரெண்டு பேரும் தெருவுல நிப்பாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். என் புருஷன், என் முதலாளி, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி என் வாய்க்குள் வைக்க வேண்டிய வார்த்தையைத் தயார் செய்திருக்கிறார்கள். கையெழுத்துக்குத்தான் என்னைக் கேட்கவில்லை. இதற்காவது கேட்கிறார்களே என்று நான் நன்றி சொல்ல வேண்டும் போல. எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அந்த மேசையிலேயே செத்துப்போனது. ஆசை சாகவில்லை, அதுதான் கஷ்டம்.

விசாரணை முதலாளியின் அறையில் நடந்தது. வந்த பொறியாளர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், யாரிடமும் சிரிக்கவில்லை. என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் டிராயிங்கை என் பக்கம் திருப்பி, மூலையில் விரலை வைத்தாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"கையெழுத்து என்னோடது. போட்டது நான் இல்ல" என்றேன்.

கொண்டுபோயிருந்த தாள்களை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அவள் எழுந்துவந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு தரைக் கேள்வியைப் பற்றிச் சொன்னேன். என் கணவரைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

முதலாளி முகத்தில் அதிர்ச்சியைக் கொண்டுவந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் உடனடிதான். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று என் கணவரிடம் திரும்பினார்.

"நீங்கதானே போன்ல சொன்னீங்க."

"படம் சீக்கிரம் வரணும்னு சொன்னேன். பொய்க் கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னேனா? மனசாட்சியைத் தொட்டு சொல்லுங்க."

முதலாளி அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். ஏதாவது பண்ணுங்க என்றுதான் சொல்லியிருப்பார். அவர் எதையுமே முழுசாகச் சொல்வதில்லை, அடுத்தவரைச் செய்ய வைத்துவிடுவார்.  என் கணவர் கையாலாகாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். நான்தானே உட்கார வைத்தேன்.

எல்லாம் அவர் தலையில் விழுந்தது. எங்கள் கம்பெனி அவரை வெட்டிவிட்டது. தொட்டிக்காரருக்குச் செய்தி போனது, குழாய்க்காரருக்கும் போனது. டயர் கடைக்கு மேலிருந்த அறையைக் காலி செய்தார். ஆள்மேல் வழக்குப் போடாமல் விட்டதே முதலாளியின் பெருந்தன்மை என்று ஊரே பேசியது. மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகனிடம் மட்டும் ஒரு தடவை, "அவ என் பக்கத்துல உக்காந்திருந்தப்பவாடா இதைப் பண்ணினே?" என்று கேட்டார்.  அதற்கப்புறம் என் கணவர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிட வாங்க என்றால் வருவார், சாப்பிடுவார், போவார்.

என்னை முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நேர்மை என்றால் என்ன என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை கொடுத்தார். இனிமேல் எவ்வளவு சின்னப் படியாக இருந்தாலும் என் கையால், பேனாவால் போட்ட கையெழுத்து இல்லாமல் பட்டறைக்குப் போகக்கூடாது என்று ஆணை. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை மட்டும் எங்கேயும் போகவில்லை. காசு கொடுத்து வாங்கியது, கம்பெனியின் சொத்து. யாரோ வெளி ஆள் வந்து அதிலிருந்து என் பழைய கையெழுத்தை எடுத்துவிட்டான். தரைக் கேள்வியைத் திரும்ப வையுங்கள் என்றேன்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேம்மா" என்றார் முதலாளி.

சேல்ஸ் ஆட்கள் கஸ்டமர் முன்னாலேயே உட்கார்ந்து நாலு எண்ணைத் தட்டி டிராயிங்கை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முன்பு ஒரு படிக்கு ஒரு டிராயிங். இப்போது கஸ்டமர் மனசு மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு டிராயிங். காலையில் அறைக்கதவைத் திறந்தால் மேசையில் கட்டு கட்டாக இருக்கும். மஞ்சள் பேனாவை எடுத்து முதல் தாளிலிருந்து ஆரம்பிப்பேன். கிடங்குக்குப் போன் போட்டுத் தரையைப் பற்றிக் கேட்பேன். எடுக்கிறவருக்குத் தெரியாது, தெரிந்தவர் சாப்பிடப் போயிருப்பார். சாயங்காலம் பார்த்தால் பார்த்தது ஒரு மூலை, பார்க்காதது ஒரு மலை.

முதலாளி திட்டவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார், போய்விடுவார். ஒரு நாள் மேஸ்திரியே வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெட்டற மெஷின் சும்மா நிக்குது. பசங்களைப் பாதிச் சம்பளத்துல வீட்டுக்கு அனுப்புன்னு மேலேர்ந்து சொல்றாங்க. எல்லாம் வழக்கமான படிதானேக்கா."

வேலையை விட்டுவிடலாம் என்று அன்று நினைத்தேன். நினைப்பதற்கு என்ன. வீட்டில் இப்போது சம்பளம் வாங்குகிற கை என்னுடையது ஒன்றுதான். மற்ற கையை நான்தான் ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் வைத்து உடைத்தேன். மேஸ்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கட்டின் மேலாக இருந்த தாளை எடுத்தேன். உயரத்தை மட்டும் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். அடுத்ததில் உயரத்தையும் பார்க்கவில்லை. அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு, "நல்லா இருப்பீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து அப்படித்தான். இடது கை தாளைத் தள்ளும், வலது கை மூலையில் போடும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக, உயிருள்ள கை போட்ட உண்மையான கையெழுத்து. எந்த விசாரணையிலும் நிற்கும். எங்கேயோ ஒரு கிடங்கில் யாரோ ஒருத்தி கையில் பெட்டியோடு மேலேயிருந்து கிளம்பியிருப்பாள் என்ற நினைப்பு வரும். வந்தால் கொஞ்சம் வேகமாகப் போடுவேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் கணவர் சோபாவில் இருந்தார். டிவி ஓடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவராகவே வாயைத் திறந்தார்.

"எவ்வளவு வருது ஒரு நாளைக்கு?"

சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. மாப்பிள்ளையின் வேகம் அவருக்குத் தெரியாததா.

"எல்லாத்தையும் பாக்கறியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு அந்த உரிமை இருந்தது. திட்டினால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது, இத்தனை மாதமும் சேர்த்து வைத்திருந்தேன். கேலியாகச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து உள்ளே போனார். வலிக்குப் போடுகிற தைலத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் தேய்த்துவிட ஆரம்பித்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.